ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?

பக்கவாதம் வந்த அப்பாவுக்கு உயிராபத்து நீங்கிவிட்டது. பத்தாம் நாள் காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இனி இங்கே வச்சிருக்கத் தேவையில்லை, பிசியோவை மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நெல்லை வண்ணாரப்பேட்டை தனியார் மருத்துவமனையோ, ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியோ, குடும்பத்துக்குக் கஷ்டம் ஆரம்பிப்பது அந்த டிஸ்சார்ஜ் சீட்டோடுதான். மகன் துபாயில், மகள் திருப்பூரில். கல்லிடைக்குறிச்சி வீட்டில் அம்மா மட்டும், அவருக்கும் மூட்டுவலி. எழுபது கிலோ உடம்பைப் புரட்டிப்போட அவரால் ஆகாது. சொந்தக்காரர் ஒருவர் போன் நம்பர் தருகிறார்: "நல்லா பாத்துக்கிடுவாங்க, நம்பிச் சேருங்க." மறுநாளே ஆம்புலன்ஸில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம். வாடகை வீடு பார்க்கவே நாலு தெரு அலைகிற நாம், பேச்சு குழறிப்போன ஒரு மனிதரை விட்டுவரும் இடத்தை அரைமணி நேரம்கூடப் பார்ப்பதில்லை.

கேட்கிற கேள்விகளும் இரண்டே: மாசம் எவ்வளவு, ஏசி உண்டா? இந்த இரண்டுக்கும் கிடைக்கிற பதிலை வைத்து அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. முதலில் கேட்க வேண்டியது, இது எந்தச் சட்டத்தின்கீழ் பதிவான இடம் என்பது.

வெளியே தொங்கும் பலகையில் 'மறுவாழ்வு மையம்', 'முதியோர் பராமரிப்பு இல்லம்', 'கேர் சென்டர்' என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். உள்ளே டாக்டர், நர்ஸ் வைத்துச் சிகிச்சை தருகிற தனியார் இடம் என்றால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும். மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் இதை விசாரிக்கலாம். முதியோர் இல்லம் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகம். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லத்துக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயம். மனநோயாளிகளையும் குடிநோயாளிகளையும் வைத்துப் பார்க்கும் இடம், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். முதியோர் இல்லம் என்று மட்டும் பதிவான இடத்தில், மூக்குக்குழாய் வழியாகச் சாப்பாடு, யூரின் டியூப், சளி உறிஞ்சுவது எல்லாம் தேவைப்படுகிறவரை விடுவது ஆபத்து. சான்றிதழை வாங்கி, எதற்குக் கொடுத்தது, எந்தத் தேதிவரை செல்லும் என்று படித்துப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

இது வெறும் காகித விஷயம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களில் 28 பேர் கருகிச் செத்தார்கள். தப்பி ஓட வழியில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் நடந்தது இன்னும் நமக்கு நெருக்கமானது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் ஊரில் ஒரு ஆசிரமத்தில் சேர்த்திருந்த முதிய உறவினரைப் பார்க்கக் கேட்டபோது, அவரைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கேயும் அவர் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போனார்கள். உரிய அனுமதி இல்லாமல் நடந்த அந்த இல்லத்தில் இருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடி, உதை, பாலியல் கொடுமை என்று புகார்கள் வெளிவந்தன. வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. உறவினர் விடாமல் கேட்டதால்தான் அத்தனையும் வெளியே வந்தது என்பதை வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காகிதம் சரியாக இருந்தால் அடுத்தது கண்ணால் பார்ப்பது. பகல் பதினொரு மணிக்கு, சொல்லிவிட்டுப் போனால் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். ஒருமுறை இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். இன்னொருமுறை ஞாயிற்றுக்கிழமை போங்கள். வரவேற்பறையில் உட்காராமல், அங்கே ஏற்கெனவே படுத்திருக்கிறவர்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, கூப்பிட மணி இருந்தால் அது அடிக்கிறதா? மூத்திர வாடையை பினாயில் போட்டு அமுக்கியிருந்தால் மூக்கே சொல்லிவிடும். உதவியாளராக நிற்கும் பெண்ணிடம் தணிந்த குரலில், "தங்கச்சி, இந்த ஆச்சிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும்மா டியூட்டி?" என்று கேளுங்கள். ஒரு பேரைச் சொன்னால் நல்லது. "யாராவது இருப்பாங்க" என்றால் யாரும் இருக்கமாட்டார்கள்.

தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இருபது பேர் படுத்திருக்கும் இடத்தில் இரவு ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் புரட்டி, தலையணை முட்டுக்கொடுத்து, துணியைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் என்றாலே ஒரு சுற்றுக்கு 100 நிமிடம். அடுத்த சுற்றுக்கு மிச்சம் 20 நிமிடம். அதற்குள் டயபர் மாற்றி, வாந்தி துடைத்து, கூப்பிடுகிறவருக்குத் தண்ணீர் கொடுத்து முடிக்க வேண்டும். மனிதரால் ஆகாது. ஆகவே அங்கே புரட்டமாட்டார்கள். அட்டவணையில் டிக் மட்டும் விழும். கட்டில் காலடியில் தொங்கும் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். 10, 12, 2, 4 என்று எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் கையெழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். மாலை ஆறு மணிக்குப் போகும்போதே ராத்திரிக் கட்டங்களும் நிரம்பியிருந்தால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

புரட்டாவிட்டால் வருவது படுக்கைப் புண். குதிகால், இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் அடிக்கட்டை, இந்த மூன்று இடத்தில்தான் பெரும்பாலும் தொடங்கும். முதல் அடையாளம் தோல் சிவப்பது என்று புத்தகங்கள் சொல்லும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. விரலால் அழுத்தினாலும் மாறாத நிறமாற்றம், பக்கத்துத் தோலைவிடச் சூடு, ஒரு கெட்டித்தன்மை, இவற்றைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பார்க்கப்போனால் போர்வையை விலக்கி முதுகையும் குதிகாலையும் பாருங்கள். அப்பாவின் உடம்பைப் பார்க்கக் கூச்சப்படுகிற மகன்கள் இங்கே அதிகம். அந்தக் கூச்சத்தை விட வேண்டியதுதான். சேர்க்கிற அன்றே நர்ஸை வைத்துக்கொண்டு தேதியோடு போட்டோ எடுங்கள், எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த புண்ணா, அங்கே வந்த புண்ணா என்ற சண்டை பிறகு வராது. நல்ல இடம் இதற்கு மறுப்புச் சொல்லாது.

சாப்பாட்டு நேரத்தில் நிற்பதும் முக்கியம். பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி குறைந்துபோயிருக்கும். படுத்தவாக்கிலேயே கஞ்சியை ஸ்பூனால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு வாயாகக் கொடுத்து, முடிந்த பிறகும் அரைமணி நேரம் சாய்க்காமல் வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே அங்குள்ளவர்களுக்குப் பயிற்சி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சி தருபவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு போதாது.

நெல்லைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கேள்வி உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தண்ணீர் இங்கே எதுவரை வந்தது? அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பெருகி ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் புகுந்தது. கலெக்டர் ஆபீஸே தண்ணீரில் நின்றது. எழுந்து நடக்க முடியாதவர்களைத் தரைத்தளத்தில் படுக்கவைத்திருக்கும் இடத்தில், யார், எந்த வழியாக, எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள்? ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது? பதில் இல்லாத இடம், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும், ஆற்றோரத்து ஊரில் பாதுகாப்பான இடம் இல்லை.

மறுவாழ்வு என்று காசு வாங்குகிறவர்கள் ஆளை எழுப்பிவிட வேண்டும், வெறுமனே கிடத்தி வைத்திருக்கக் கூடாது. அது எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் தூரம் போகவேண்டாம். தென்காசி பக்கம் ஆய்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் சொந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் வாழும் எஸ்.சங்கரராமன் 1992-இல் அவரோடு சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. படுத்த படுக்கை என்று ஊர் சொல்லும் நிலையில் இருந்த ஒருவர் மற்றவர்களுக்காக நிறுவனம் நடத்திய பூமி இது. பனையிலோ தென்னையிலோ இருந்து விழுந்து தண்டுவடம் முறிந்தவருக்கு, கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறுவதும், சிறுநீரைத் தானே வெளியேற்றக் கற்பதும் மறுவாழ்வின் பாடங்கள். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆகவே சேர்க்கும்போதே கேளுங்கள்: அடுத்த ஒரு மாதத்தில் அப்பா என்ன செய்ய வேண்டும் என்று குறி வைத்திருக்கிறீர்கள்? தானாக உட்காருவதா, பிடித்துக்கொண்டு நிற்பதா, கையால் சாப்பிடுவதா? அதை எழுதித் தரச் சொல்லுங்கள். தினம் எத்தனை நிமிடம் பிசியோ, யார் தருவார் என்பதும் அதில் இருக்கட்டும்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயபர், கையுறை, பிசியோ, டாக்டர் வருகை தனிக் கணக்கா, அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும், இடையில் அழைத்துப்போனால் என்ன கணக்கு என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கவிடாதீர்கள். ஏடிஎம் கார்டு, பாஸ்புக், ஆதார் அசல் எதையும் ஒப்படைக்காதீர்கள். மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பியிருக்கவும் வேண்டாம்: ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் தங்கும் செலவு பெரும்பாலான பாலிசிகளில் விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. பாலிசிப் பத்திரத்தில் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.

எல்லாக் குடும்பத்துக்கும் இப்படியொரு இடம் தேவையும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். தீராத நோயில் படுத்திருப்பவர்களுக்கு வலித்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயர் கொடுத்தால் போதும். வீட்டில் பார்க்க ஆள் இருந்தால் முதலில் இதைத்தான் முயன்று பார்ப்பேன்.

சேர்த்த பிறகும் உரிமை நம்மிடம்தான். சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டிலிருந்தே டாக்டர்களுக்கான விதி. பில் பாக்கி என்று நோயாளியைப் பிடித்துவைக்க முடியாது. நோயாளிகள் உரிமைச் சாசனம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடைசெய்கிறது. பார்க்கவிடமாட்டோம், போனில் பேசவிடமாட்டோம் என்றால் அதுவே புகாருக்குக் காரணம்.

புகாரை எழுத்தில் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். மருத்துவக் குறை என்றால் இணை இயக்குநர், முதியோர் இல்லம் என்றால் சமூக நல அலுவலர், இரண்டும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டரின் மக்கள் குறைதீர் நாள். முதியோருக்கான உதவி எண் 14567. அடி, அடைத்துவைத்தல் என்றால் காவல் நிலையம். ஆளையே காட்டவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. வக்கீலுக்குக் காசில்லையே என்று நிற்காதீர்கள்: பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. பெற்றோரை விட்டுவிட்டுப் போய்விடும் பிள்ளைகள்மீதும் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் ஜீவனாம்சம் கேட்கலாம். பார்த்துக்கொள்வதாக நிபந்தனையோடு எழுதிவாங்கிய சொத்தை ரத்து செய்யவும் கேட்கலாம்.

காசு வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். எல்லோரையும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் இல்லம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதனால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீது, ஒப்பந்தம், முதல்நாள் போட்டோ, டிஸ்சார்ஜ் சீட்டு நான்கையும் ஒரே பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள்தான் கெடு.