கல்வி இணையத்தளத்துக்குப் பணம் கொடுக்குமுன்



கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கும் நம்மவர் கல்விக்கென்று கேட்டால் இல்லையென்று சொல்வதில்லை. இப்போது கல்வி இணையத்தளங்களுக்கும் அனுசரணை கேட்டு வருகிறார்கள். பிள்ளைகளுக்காக மாதச் சந்தா கட்டுவோரும் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால் அரிசி எடுக்கும்போது சாக்கில் உள்ள படத்தைப் பார்த்தா எடுக்கிறோம்? ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறோம். இணையத்தளத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நான் பார்ப்பவை இவை.

முதலாவது, இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு வாங்குகிறோமா? கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' தளம் தரம் 1 முதல் 13 வரை மும்மொழியிலும் உள்ளது. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும், பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி ஆகியவற்றை மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அவற்றையே எடுத்து வேறு நிறத்தில் போட்டிருந்தால் அதற்கு ஏன் பணம்? விளக்கம், பயிற்சி, விடை திருத்தம் என்று மேலதிகமாக ஏதும் இருந்தால் மட்டுமே அதற்கு விலை.

இரண்டாவது, எந்த நாட்டுப் பாடத்திட்டம்? தமிழ்நாட்டுத் தளங்கள் பல நன்றாக உள்ளன. ஆனால் நமது பிள்ளை 'அட்சரகணிதம்' என்று படிப்பதை அங்கே 'இயற்கணிதம்' என்பார்கள். நமது 'ஒட்சிசன்', 'ஐதரசன்' அங்கே 'ஆக்சிஜன்', 'ஹைட்ரஜன்'. பொது அறிவுக்கு உதவும். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

மூன்றாவது, எழுத்து. தளத்தில் ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது யுனிகோட். பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. அப்படிப்பட்ட பாடத்தைக் கூகுளில் தமிழில் தேடினாலும் கிடைக்காது. எழுதியவரின் உழைப்பு மூலையில் கிடக்கும்.

நான்காவது, வடிவமைப்பு. காட்டுபவர் தமது மடிக்கணினியில் காட்டுவார். நீங்கள் வீட்டிலுள்ள சாதாரண கையடக்கத் தொலைபேசியில், வைஃபையை நிறுத்திவிட்டு, டேட்டாவில் திறந்து பாருங்கள். ஆடும் படங்கள் டேட்டாவைத் தின்னும், பாடத்தைத் தராது. வேண்டிய பாடத்தை ஒரு பிள்ளை யாரிடமும் கேட்காமல் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். அதுதான் நல்ல வடிவமைப்பு.

ஐந்தாவது, பொறுப்பு. பாடத்தை எழுதிய ஆசிரியரின் பெயர் உண்டா? கடைசியாக எப்போது திருத்தினார்கள்? மருந்துக்குக் காலாவதித் திகதி பார்ப்பதுபோல் இதையும் பாருங்கள். பாடத்திட்டம் மாறிய பின்னும் பழைய பாடமே கிடந்தால் பிள்ளை பிழையானதைப் படித்துக்கொண்டு பரீட்சைக்குப் போகும்.

அனுசரணை கேட்டு வருவோரிடம் இன்னுமொன்று கேளுங்கள்: அடுத்த வருடம் யார் செலவழிப்பது? தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் காலத்துக்குக் காலம் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் திறப்பு விழாப் படம் மட்டுமே மிஞ்சும். ஆகவே முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பாதியைக் கொடுங்கள், ஒரு தவணை முடிந்ததும் ஒரு பாட ஆசிரியரைக்கொண்டு பார்வையிட்டு மீதியைக் கொடுங்கள்.

தர்மம் செய்யும் பணத்துக்கும் கணக்கு உண்டு. அது பிள்ளையின் கையில் பாடமாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் நமது கடமையே.