வாயில் கரைவதும் பையில் கரைவதும்

மே 16 ஆசிரியர் தினம். அதற்கு முதல் நாள், சேர்த்து வைத்த காசில் உங்கள் ஆசிரியருக்கு ஒரு சிறு பெட்டி சாக்லெட் டிரஃபிள் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்பது உருண்டைகள். கடையில் பார்த்தபோது எல்லாம் மெருகு போட்டது போலப் பளபளத்தன. சுங்கை பூலோ எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி, வெயிலில் நிற்கும் அப்பாவின் காரில் பெட்டியை வைத்துவிட்டு, இருவரும் பக்கத்தில் சாப்பிடப் போகிறீர்கள். வீடு திரும்பியதும் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறீர்கள்.

மறுநாள் காலை திறந்தால் பளபளப்பைக் காணோம். உருண்டைகளின் மேல் சாம்பல் பூத்தது போல வெள்ளைத் திட்டுகள். "பூஞ்சை பிடித்துவிட்டது, தூக்கிப் போடு" என்கிறார் அம்மா.

கொஞ்சம் பொறுங்கள். அது பூஞ்சையாக இல்லாமலும் இருக்கலாம். ஒரே இரவில் அந்த உருண்டைகளுக்கு என்ன ஆனது என்று புரிந்துகொண்டால், டிரஃபிள் ஏன் இவ்வளவு சுவையாக இருக்கிறது என்பதும் சேர்ந்தே புரியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

ஐரோப்பாவில் மர வேர்களை ஒட்டி மண்ணுக்கடியில் வளரும் விலையுயர்ந்த ஒரு காளானின் பெயர்தான் டிரஃபிள். கொக்கோத் தூளில் புரட்டிய சாக்லெட் உருண்டை, மண் ஒட்டிய அந்தக் காளானைப் போல இருந்ததால் அதே பெயரைப் பெற்றது. மற்றபடி இதில் காளான் எதுவும் இல்லை.

உருண்டையின் உள்ளே இருக்கும் மிருதுவான பகுதிக்குக் கனாஷ் என்று பெயர். சூடான பாலாடைக் கிரீமைச் சாக்லெட்டின் மேல் ஊற்றிக் கலக்கினால் கனாஷ் கிடைக்கும். கிரீமில் நீர் இருக்கிறது, சாக்லெட்டில் கொழுப்பு இருக்கிறது. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நன்றாகக் கலக்கும்போது கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாக உடைந்து நீரில் பரவி நிற்கிறது. பாலில் உள்ள புரதமும், சாக்லெட்டில் சேர்க்கப்படும் லெசித்தினும் அந்தத் துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல் காக்கின்றன. இத்தகைய கலவையைப் பால்மம் என்கிறோம். பாலும் தேங்காய்ப் பாலும் பால்மங்களே.

கனாஷைச் சுற்றி மெல்லிய சாக்லெட் ஓடு இருக்கும். பற்கள் பட்டதும் ஓடு 'டக்'கென்று உடைகிறது, உள்ளிருப்பது நாக்கில் வழிகிறது. கடினமும் மென்மையும் ஒரே கடியில் கிடைப்பதால்தான் டிரஃபிளைப் பலருக்குப் பிடிக்கிறது.

ஒரே கொழுப்பு, ஆறு வடிவம்

இந்த வித்தையின் மையத்தில் இருப்பது கொக்கோ வெண்ணெய். கொக்கோ விதையில் இயற்கையாகவே உள்ள கொழுப்பு இது. மற்ற பல கொழுப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கொக்கோ வெண்ணெயோ அறை வெப்பத்தில் கெட்டியாக நின்று, ஒரு சில பாகை ஏறியதும் சட்டென்று உருகிவிடும். உருகுவதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது நம் நாக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நல்ல சாக்லெட்டை வாயில் வைத்ததும் இலேசான குளிர்ச்சி தோன்றுவது இதனால்தான்.

இந்தக் கொழுப்பு ஒரே ஒரு விதமாக உறைவதில்லை. திருமண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கினால் குறைந்த இடத்தில் அசையாமல் நிற்கும். அவசரத்தில் கண்டபடி குவித்தால் இடைவெளி விழும், தொட்டால் சரியும். நாற்காலிகள் அதேதான், அடுக்கிய விதம்தான் வேறு.

கொக்கோ வெண்ணெயின் மூலக்கூறுகளும் இப்படித்தான். அவை ஆறு விதமான படிகங்களாக அடுக்கப்படலாம் என்று 1966இல் வில், லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்தனர். முதலாம் வகை ஏறத்தாழ 17 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். நான்காம் வகை 27 அல்லது 28 பாகையில் உருகும். ஐந்தாம் வகையின் உருகுநிலை ஏறத்தாழ 34 பாகை. ஆறாம் வகைக்கு 36 பாகை.

சாக்லெட் செய்பவர்கள் தேடுவது ஐந்தாம் வகையை. அதில்தான் பளபளப்பும், உடையும்போது கேட்கும் ஓசையும் கிடைக்கின்றன. அதன் உருகுநிலை நம் உடல் வெப்பமான 37 பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால் வாயில் வைத்ததும் கரைகிறது.

இந்த வகையை வரவழைக்கக் கருஞ்சாக்லெட்டை முதலில் 45 முதல் 50 பாகை வரை சூடாக்கிப் பழைய படிகங்கள் எல்லாவற்றையும் கரைப்பார்கள். பிறகு கலக்கிக்கொண்டே 27, 28 பாகைக்கு இறக்கி, மீண்டும் 31, 32 பாகைக்கு ஏற்றுவார்கள். இரண்டாம் முறை ஏற்றும்போது தரம் குறைந்த படிகங்கள் உருகிப்போக, ஐந்தாம் வகை மட்டும் தங்கும். இதற்குப் பதப்படுத்துதல் என்று பெயர். இதன் பிறகு ஓடு இறுகுவதற்கு 20 பாகை அளவில் குளிர்ந்த அறை வேண்டும். நம் ஊர்ப் பகல் வெப்பமே 32, 33 பாகையைத் தொடுவதால், இங்கே சாக்லெட் செய்பவர்களுக்குக் குளிரூட்டிய அறை இல்லாமல் முடியாது.

காரில் நடந்தது என்ன?

வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டுவதுண்டு. உங்கள் டிரஃபிளின் ஓட்டில் அழகாக அடுக்கப்பட்டிருந்த ஐந்தாம் வகைப் படிகங்கள் அங்கே உருகிவிட்டன. வீட்டில் அது மீண்டும் உறைந்தபோது பதப்படுத்த யாரும் இல்லை. மூலக்கூறுகள் குவித்துப் போட்ட நாற்காலிகளாக உறைந்தன. கொழுப்பின் ஒரு பகுதி மேற்பரப்புக்கு வந்து வெண்மையாகப் படிந்தது. இது கொழுப்புப் பூப்பு.

இன்னொரு வகையும் உண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து உடனே திறந்தால், நம் ஈரக் காற்று குளிர்ந்த சாக்லெட்டின் மேல் நீர்த்துளியாகப் படியும். அந்த நீரில் சாக்லெட்டின் சர்க்கரை கரையும். நீர் ஆவியானதும் சர்க்கரை வெண்பொடியாகத் தங்கும். இது சர்க்கரைப் பூப்பு.

இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக உருகி மறைந்தால் கொழுப்பு, சொரசொரப்பாக நின்றால் சர்க்கரை. இரண்டும் உடலுக்குத் தீங்கு செய்யாது. பளபளப்பும் மென்மையும்தான் குறையும். ஆனால் பஞ்சு போன்ற இழைகளோ, பச்சை, கறுப்பு நிறமோ, கெட்ட வாடையோ இருந்தால் அது பூஞ்சைதான். கனாஷில் நீரும் பாலும் இருப்பதால் டிரஃபிள் சாதாரண சாக்லெட் கட்டியைவிட விரைவில் கெட்டுப்போகும். அப்போது அம்மா சொல்வதே சரி. காலாவதித் தேதியைப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

உருகாத சாக்லெட் செய்ய முடியாதா?

முடியும். 1937இல் அமெரிக்க இராணுவம், போர்வீரர்களின் பைக்குள் உருகாத சாக்லெட் வேண்டும் என்று ஹெர்ஷி நிறுவனத்திடம் கேட்டது. ஓட்ஸ் மாவு கலந்து செய்த அந்தக் கட்டி வெப்பத்தைத் தாங்கியது. ஆனால் கடிக்கக் கடினம், சுவையும் குறைவு. வீரர்கள் அதை விரும்பவில்லை. பையில் கரையாத சாக்லெட் வாயிலும் எளிதில் கரையாது.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் சிலாங்கூர், பேராக் கடலோரங்களில் தென்னைக்கு ஊடே கொக்கோ மரங்கள் நின்றன. உங்கள் தாத்தா, பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்றால் கேட்டுப் பாருங்கள். 1990இல் மலேசியா ஏறத்தாழ 2 இலட்சத்து 47 ஆயிரம் டன் கொக்கோ விதை விளைவித்தது. பிறகு காய்த்துளைப்பான் பூச்சியும் விலை வீழ்ச்சியும் வாட்டின. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. அண்மைய ஆண்டுகளில் விளைச்சல் ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. ஆனாலும் இறக்குமதி செய்த விதையை அரைத்துக் கொக்கோ வெண்ணெய் எடுக்கும் பெரிய நாடுகளில் மலேசியா இன்றும் ஒன்று.

நம் மண்ணில் விளைந்த கொக்கோவின் வெண்ணெய், பிரேசில் நாட்டு வெண்ணெயைவிடக் கடினமானது. வெப்பமான சூழலில் காய்க்கும்போது விதையில் நிறைவுற்ற கொழுப்பு கூடுதலாக அமைவதே இதற்குக் காரணம். செம்பனையும் சாக்லெட் உலகில் நுழைந்துவிட்டது. கொக்கோ வெண்ணெயில் உள்ள முக்கியக் கொழுப்பு மூலக்கூறுகளில் ஒன்று செம்பனை எண்ணெயிலும் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துக் கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகச் சேர்க்கிறார்கள். செம்பனைப் பருப்பு எண்ணெயால் செய்த கூட்டுச் சாக்லெட்டுக்குப் பதப்படுத்தும் வேலை தேவையில்லை, விலையும் மலிவு. ஆனால் சிலவகை வாயில் மெழுகு போல ஒட்டும்.

வாங்கும்போது உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமான பொருள் முதலில் வரும். 'மெந்தேகா கோக்கோ' என்றிருந்தால் கொக்கோ வெண்ணெய். 'மினியாக் ஈசிரோங் சாவிட்' என்றிருந்தால் செம்பனைப் பருப்பு எண்ணெய். டிரஃபிள் என்ற பெயருக்கு மட்டும் அதிக விலை கொடுக்கிறோமா, உள்ளிருக்கும் பொருளுக்குக் கொடுக்கிறோமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

அடுத்த முறை பரிசு வாங்கும்போது

கடைக்குப் போகும்போது வெப்பம் புகாத பை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டிப் பொதி வைத்தால் அதைத் துணியில் சுற்றுங்கள், பெட்டியை நேராகத் தொடக்கூடாது. காரில் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்த பிறகே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் அரை மணி நேரமாவது டப்பாவைத் திறக்காமல் காத்திருங்கள். வெண்பூச்சு வராது.

சரி, இன்று காலை வெளுத்துப்போன அந்த ஒன்பது உருண்டைகளை என்ன செய்வது? முதலில் ஒன்றைத் தேய்த்துப் பார்த்து அம்மாவிடம் காட்டுங்கள். விரலில் உருகினால், இரண்டு உருண்டைகளைச் சூடான பாலில் போட்டுக் கலக்கிக் கொடுங்கள். மீதி ஏழை ஆசிரியரிடமே கொண்டு போங்கள். கொடுக்கும்போது இந்த வெள்ளைத் திட்டு எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். அறிவியல் ஆசிரியராக இருந்தால், பளபளக்கும் பெட்டியைவிட அந்த விளக்கம் அவரை அதிகம் மகிழ்விக்கும்.