புல்லுக்கும் காற்றுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல்

திருத்தணி மலைச்சரிவிலும், வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டி நீளும் நகரிக் குன்றுகளிலும் பாறை இடுக்கிலும் முட்புதர் நடுவிலும் முளைக்கும் புல், ஆண்டு முழுவதும் காற்றோடு கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் பரிமாறிக்கொள்கிறது. இந்தக் கணக்கைப் பெரிதும் தீர்மானிப்பது மண்ணின் ஈரம்.

புல்லின் இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கரியமில வாயு உள்ளே போவதும் நீராவி வெளியேறுவதும் அவற்றின் வழியேதான். ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தாக வேண்டும். வெப்பநாட்டுப் புற்கள் பலவும் இதில் சிக்கனமானவை: அந்த வாயுவை முதலில் நான்கு கார்பன் அணு கொண்ட சேர்மமாக்கி இலைக்குள் செறிவூட்டுவதால், துளையை அதிகம் திறக்காமலே உணவு தயாரிக்கின்றன. அருகம்புல் இவ்வகை, திருவாலங்காடு ஆலைக்குப் போகும் கரும்பும் இவ்வகையே.

ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் பச்சைப் புல்வெளி ஒரு நாளில் 3 மி.மீ. நீரை ஆவியாக்கினால், சதுர மீட்டருக்கு 3 லிட்டர். 70 லட்சம் ஜூலுக்கு மேற்பட்ட வெயில் காற்றைச் சுடாமல் நீராவியோடு போய்விடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் அந்த நீர் இல்லை. புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிட, அதே ஆற்றல் தரையையும் காற்றையும் காய்ச்சுகிறது. கடற்காற்று தாமதமாகவே எட்டும் உள்நாட்டு ஊர் என்பதும் சேர்ந்துகொள்ள, மே மாத வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி முன்வரிசைக்கு வருகிறது.

கோடை இடிமழை பெய்தவுடன் புல் கரியமில வாயுவை உறிஞ்சத் தொடங்கும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது நேர்மாறு. காய்ந்து கிடந்த மண்ணில் நுண்ணுயிர்கள் விழித்து மட்கைச் சிதைக்க, முதலில் அந்த வாயு மண்ணிலிருந்து குப்பென்று வெளியேறுகிறது. 1950-களில் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்த ஹெச். எஃப். பிர்ச்சின் பெயரால் இது ‘பிர்ச் விளைவு’ எனப்படுகிறது. புதுத் தளிர் விட்ட பிறகே வரவு செலவை மிஞ்சும்.

இந்தப் போக்குவரத்தை அளக்கப் புல்வெளி நடுவே கோபுரம் நிறுத்தி, காற்று மேலும் கீழும் அசைவதையும் அதிலுள்ள வாயு, ஈரம், வெப்பம் ஆகியவற்றையும் நொடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ பதிவு செய்கிறார்கள். மேலேறும் காற்றில் கரியமில வாயு குறைந்தும் கீழிறங்கும் காற்றில் கூடியும் இருந்தால், புல் அதை உறிஞ்சுகிறது என்று பொருள்.

இப்படிப் புல் சேர்த்த கார்பனில் பெரும்பங்கு வேரிலும் மண்ணிலும் இருக்கிறது. காட்டுத் தீ மேல்புல்லை எரித்தாலும் வேர் பிழைத்தால் அடுத்த மழையில் துளிர்த்துவிடும். கல்குவாரிக்காக மேல்மண்ணை வழித்தெடுத்தால் அந்தச் சேமிப்பு முழுவதும் போகிறது. அதை மீட்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.