மூப்பும் ஓர் உயிர்ச்சத்தும்

வீட்டிலுள்ள முதியவர் அசதி என்றும் கால்வலி என்றும் சொன்னால், வயதாகிவிட்டது என்று நாம் விடை கூறிவிடுகிறோம். அவ்விடை எப்போதும் சரியன்று என்பதையே இன்று நான் விளக்க விரும்புகிறேன். சிற்சில வேளைகளில் அது மூப்பின் குறையன்று. வைட்டமின் 'ஸி' என்னும் உயிர்ச்சத்தின் குறை.

இக்குறை முற்றினால் வரும் நோய் ஸ்கர்வி. முற்காலத்தில் நெடுந்தொலைவு கடற்பயணம் செய்த மாலுமிகள் பலர் இதனால் மாண்டனர். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே மற்றவரினும் விரைவில் தேறினர்.

பெரும்பாலான விலங்குகள் இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனால் அது இயலாது. தோல், ஈறு, இரத்தக் குழாய் ஆகியவற்றிற்கு வலிமை தரும் கொல்லாஜன் என்ற புரதம் உறுதிபெற இச்சத்து வேண்டும். அது குறைந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன. தோலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. புண் எளிதில் ஆறுவதில்லை. ஈறு வீங்கி இரத்தம் வடிகிறது. ஆனால் பல் இல்லாத இடத்தில் ஈறு இவ்வாறு வீங்குவதில்லை. ஆகவே பல்லெல்லாம் விழுந்த முதியவரிடம் நோயின் முக்கிய அடையாளமே மறைந்துவிடுகிறது. எஞ்சிய அசதியும் வலியும் மூப்பின் கணக்கில் சேர்க்கப்படுகின்றன.

முதியோருக்கு இக்குறை ஏன் வருகிறது? பழத்தைக் கடிக்கப் பல் இல்லை. தனித்து வாழ்பவர் தமக்கென்று சமைக்க மனமின்றிக் கஞ்சியோடும் காப்பியோடும் நிறுத்திக்கொள்கிறார். காய்கறியை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டினால் சத்தும் உடன் போகிறது. புகைபிடிப்போர் உடலில் இச்சத்து விரைவாகச் செலவாகிறது. இந்தியாவில் வடக்கே ஓரிடத்திலும் தெற்கே ஓரிடத்திலும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் இரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வடக்கே நூற்றுக்கு 74 பேரிடமும் தெற்கே 46 பேரிடமும் குறை காணப்பட்டது. இவர்கள் எல்லோரும் ஸ்கர்வி நோயாளிகள் என்பது பொருளன்று. உடலிலுள்ள சேமிப்பு வற்றியவர்கள் என்பதே பொருள்.

பரிகாரம் எளிது. நாள்தோறும் 10 மில்லிகிராம் கிடைத்தாலே ஸ்கர்வி அணுகாது. நலமாக வாழ ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வேண்டுமென்பது இந்தியப் பரிந்துரை. 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் உண்டு. கனிந்த பழத்தை மசித்துக் கொடுக்கலாம். நெல்லிக்காயைத் துவையலாக அரைக்கலாம். ரசத்தை இறக்கி வைத்த பின் எலுமிச்சை பிழியலாம்.

அசதிக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றை மருத்துவரே ஆராய்ந்து கூற வேண்டும். அவரிடம் செல்லும்போது, முதியவர் நாள்தோறும் என்ன உண்கிறார் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். உணவைப் பற்றிக் கேட்டறியாவிடில் இக்குறை எளிதில் புலப்படாது.