பேய் பிடிக்கும் பெட்டிக்குள் இருக்கும் அறிவியல்

1984-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தில், பேய் பிடிப்பவர்கள் முதுகில் ஒரு கறுப்புப் பெட்டியைச் சுமந்து திரிவார்கள். குழாய்களும் கம்பிகளும் நிறைந்த அந்தப் பெட்டியில் நான்கு சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அதன் பெயர் ‘புரோட்டான் பேக்’. பேயும் கற்பனை, பெட்டியும் கற்பனை. ஆனால், 2021-இல் ஹாஸ்புரோ என்ற அமெரிக்க விளையாட்டுப் பொருள் நிறுவனம் அதே அளவில் ஒரு நகலைச் செய்யத் திட்டமிட்டபோது, அதற்காக ஏறக்குறைய 400 அமெரிக்க டாலர் கொடுக்க ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர்.

பெட்டி கைக்கு வந்ததும் அவர்களில் பலர் செய்த முதல் வேலை, திருப்புளியை எடுத்து அதைப் பிரித்ததுதான்! வாங்கிய பொருளை ஏன் பிரிக்க வேண்டும்? அதற்கான விடையில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கின்றன.

படத்தில் வரும் பொருள்கள்

நடிகர்கள் கையில் எடுக்கும், அணியும், சுமக்கும் பொருள்களைத் திரைத்துறையினர் ‘ப்ராப்’ என்பார்கள். நம் ஜொகூரின் இஸ்கண்டார் புத்ரியில் உள்ள படப்பிடிப்பு வளாகத்தில்தான் நெட்ஃபிலிக்ஸின் ‘மார்கோ போலோ’ தொடருக்காக மங்கோலிய அரண்மனைக் காட்சிகள் படமாக்கப்பட்டன. அத்தொடர் 2014-இல் வெளிவந்தது. வாளும் கவசமும் இல்லாமல் அத்தகைய கதையை எடுக்க முடியுமா?

பொதுவாக ஒரே பொருளைப் பல விதமாகச் செய்து வைப்பார்கள். கேமரா அருகில் வரும்போது காட்ட, நுணுக்கமான வேலைப்பாடும் விளக்கும் கொண்ட ஒன்று. ஓடவும் விழவும் செய்யும் காட்சிகளுக்கு, ரப்பராலோ நுரையாலோ செய்த இலேசான இன்னொன்று. சேகரிப்பாளர்கள் விரும்புவது முதல் வகையின் நகலை.

ஏன் 7,000 பேர் தேவைப்பட்டார்கள்?

பிளாஸ்டிக் பொருள்களைச் செய்ய, உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவார்கள். ஒரு பொருளுக்கு ஆகும் பிளாஸ்டிக்கின் விலை குறைவு. அச்சு செய்வதற்குத்தான் பெரும் செலவு.

ஒரு கணக்குப் போடுவோம். எல்லா அச்சுகளுக்கும் சேர்த்து 10 லட்சம் ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் மட்டும் வாங்கினால், தலைக்கு 10,000 ரிங்கிட் அச்சுக்கே போய்விடும். 7,000 பேர் வாங்கினால் தலைக்கு ஏறக்குறைய 143 ரிங்கிட்தான். அதனால்தான் ஹாஸ்புரோ தன் ‘ஹாஸ்லேப்’ திட்டத்தில், “7,000 பேர் சேர்ந்தால் செய்வோம், சேராவிட்டால் செய்ய மாட்டோம்” என்று முன்கூட்டியே அறிவித்தது. இலக்கு எட்டப்பட்டது, பெட்டி உருவானது. அதே 2021-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ரான்கோர் என்ற அரக்க விலங்கின் பொம்மைக்கு 9,000 பேர் தேவைப்பட்டனர். அந்த இலக்கு எட்டப்படவில்லை. பொம்மையும் வரவில்லை.

இப்படிப் பலர் சேர்ந்து முன்பணம் போடுவதைக் கூட்டுநிதி என்கிறோம். இது இணையக் காலத்து யோசனை மட்டுமன்று. 1976-இல் ஷியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’ என்ற இந்திப் படத்துக்கு, குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த 5 லட்சம் விவசாயிகள் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தனர். ஐந்து லட்சம் பெயர் சேர்ந்து ஒரு படத்துக்கே தயாரிப்பாளர் ஆனார்கள்!

ஒன்றை மறக்கக்கூடாது. கூட்டுநிதி என்பது கடையில் பொருள் வாங்குவது போன்றதன்று. பொருள் தாமதமாகலாம், சில திட்டங்களில் வராமலே போகலாம். எனவே பெரியவர்களிடம் கேட்காமல் சேமிப்புப் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். இலக்கு எட்டாவிட்டால் பணம் திரும்புமா, பொருளைச் செய்வது யார், இதற்கு முன் சொன்னபடி செய்து கொடுத்திருக்கிறார்களா என்ற மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை தேடுங்கள்.

பிளாஸ்டிக்கை உலோகமாக்கும் தந்திரம்

தொழிற்சாலையிலிருந்து வரும் நகல் புத்தம் புதிதாக இருக்கும். அதுதான் குறை. படத்தில் வரும் பெட்டி உழைத்துக் களைத்த உலோகக் கருவியைப் போல் தெரியும். எனவே சேகரிப்பாளர்கள் அதைப் ‘பழசாக்குகிறார்கள்’.

உலோகத்தில் தடையின்றி நகரும் எலக்ட்ரான்கள் இருப்பதால், அது தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கூர்மையான பளபளப்பைக் கண்டதும் நம் மூளை “இது இரும்பு” என்று முடிவு கட்டிவிடுகிறது. ஆகவே முதலில் வெள்ளி நிறமும் அதன்மேல் கறுப்பு நிறமும் பூசுகிறார்கள். பிறகு விளிம்புகளில் மட்டும் கறுப்பை மெல்லத் தேய்த்து எடுக்கிறார்கள். அடியில் உள்ள வெள்ளி எட்டிப் பார்க்கிறது. பென்சில் கரியான கிராஃபைட் தூளைத் தடவித் தேய்த்தாலும் இரும்பின் மங்கிய மினுமினுப்பு வரும்.

எங்கே தேய்க்க வேண்டும் என்பதுதான் திறமை. உங்கள் மிதிவண்டியைப் பாருங்கள். பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது? கை படும் இடம், கால் உரசும் இடம், மூலைகள். யாரும் தொடாத நடுப்பகுதியில் கீறல் போட்டால் பொய் உடனே தெரிந்துவிடும்.

நம் ஊர் காற்றும் இதில் விளையாடும். ஸ்பிரே பெயின்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது, பூசிய பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பரப்பு குளிர்கிறது. ஜொகூரின் ஈரக்காற்றில் உள்ள நீராவி அங்கே நுண்துளிகளாகப் படிகிறது. குளிர்ந்த பானக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான் இதுவும். விளைவு, கறுப்புப் பூச்சின்மேல் வெண்மையான மூட்டம். மழை நாளில் பூசாமல், வெயில் ஏறியபின் மெல்லிய பூச்சாகப் பல முறை பூசினால் இதைத் தவிர்க்கலாம்.

பிளாஸ்டிக் எந்த வகை என்பதும் முக்கியம். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின்மேல் அசிட்டோன் பட்டால் அது இளகிக் கரையும். பாலிபுரொப்பிலீன் என்றால் சாதாரணப் பசையும் பெயின்டும் எளிதில் ஒட்டாது. அதனால் எதையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உட்புறத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு விளக்குகள், ஒரு சுழற்சி

பெட்டியின் வட்டப் பகுதிக்கு ‘சைக்ளோட்ரான்’ என்று பெயர். இந்தப் பெயர் மட்டும் கற்பனையன்று. அமெரிக்க இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் 1930-களில் உருவாக்கிய உண்மைக் கருவியின் பெயர் அது. காந்தப் புலத்தால் புரோட்டான்களை வளைத்து, மின்புலத்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின் வேகத்தைக் கூட்டும் கருவி. அதற்காக அவர் 1939-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று புற்றுநோயைக் கண்டறியும் ‘பெட்’ ஸ்கேனுக்குத் தேவையான கதிரியக்கப் பொருளைச் செய்ய சைக்ளோட்ரான்கள் உதவுகின்றன.

நகலில் எந்தப் புரோட்டானும் சுற்றுவதில்லை. நான்கு எல்.இ.டி. விளக்குகளும், அவற்றை வரிசையாக ஏற்றி அணைக்கும் சிறு நுண்கட்டுப்படுத்தியும் இருந்தால் போதும். விளக்குகள் இடம் மாறுவதில்லை. ஆனாலும் ஒன்று அணைந்ததும் அடுத்தது எரிவதால், ஒளியே சுற்றி ஓடுவது போல் தோன்றுகிறது. இடையில் உள்ள வெற்றிடத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது. மேக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1912-இல் இத்தகைய தோற்ற அசைவை ஆராய்ந்து எழுதினார். நொடிக்கு 24 அசையாப் படங்களைக் காட்டும் திரைப்படமும் நம் மூளையின் இந்த இயல்பை நம்பியே ஓடுகிறது.

விளக்கை மாற்றுபவர் ஓம் விதியை மறந்தால் எல்.இ.டி. கருகிவிடும். 1.5 வோல்ட் மின்கலங்கள் நான்கு சேர்ந்தால் 6 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். மீதி 4 வோல்ட். மின்னோட்டம் 0.02 ஆம்பியர் என்றால், தேவையான மின்தடை 4 ÷ 0.02 = 200 ஓம். கடையில் எளிதில் கிடைக்கும் 220 ஓம் மின்தடையைப் போட்டால் விளக்கு பிழைத்துக்கொள்ளும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

சில எல்லைகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஸ்பிரே பெயின்டை அடைத்த அறையில் அடிக்காதீர்கள். அதன் ஆவி மூச்சுக்குக் கேடு, தீயும் பிடிக்கும். லித்தியம் மின்கலத்தைத் துளைத்தாலோ குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ அது தானே சூடேறித் தீப்பற்றலாம். பழகும்வரை சாதாரண 1.5 வோல்ட் மின்கலங்களே நல்லது. பயன்படுத்தாதபோது அவற்றையும் கழற்றி வையுங்கள்; கசிந்தால் உள்ளிருக்கும் காரம் மின்சுற்றை அரித்துவிடும்.

இன்னொன்று சட்டம். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும். உண்மைத் துப்பாக்கி போலத் தோன்றும் நகலை வாங்குவதோ, பொம்மைத் துப்பாக்கிக்குக் கறுப்புச் சாயம் பூசுவதோ வம்பில் முடியும். பேய் பிடிக்கும் பெட்டி வேறு, துப்பாக்கி வேறு.

செய்து பாருங்கள்

இதற்கு 400 டாலர் தேவையில்லை. வீட்டில் உடைந்து கிடக்கும் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை எடுங்கள். ஒரு சிவப்பு எல்.இ.டி., 220 ஓம் மின்தடை, நான்கு மின்கலங்கள் கொண்ட பெட்டி ஆகியவற்றைத் தொடராக இணைத்து உள்ளே பொருத்துங்கள். விளக்கு எரியாவிட்டால் எல்.இ.டி.யின் கால்களை மாற்றிப் பொருத்துங்கள். நீளமான கால் நேர்மின் பக்கம் இருக்க வேண்டும். ஒளி ஒரு புள்ளியாகக் கண்ணைக் குத்தினால், முன்னால் ஒரு துண்டு எண்ணெய்த்தாளை ஒட்டுங்கள். ஒளி பரவி மென்மையாகும். பிறகு விளிம்புகளில் பென்சில் கரியைத் தேய்த்து, அறை விளக்கை அணைத்துவிட்டு தம்பி தங்கையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.