பென்ஷன் வீடுகளின் இரண்டு கோடைகள்

திருவனந்தபுரம் பழவங்காடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு வேண்டியதெல்லாம் நடை தூரத்தில் இருக்கிறது. காலையில் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கிழக்கேகோட்டை வழியாகப் பத்மநாபசுவாமி தரிசனத்துக்குப் போகலாம். திரும்பும்போது சாலைக் கடைத்தெருவில் வெற்றிலை, வாழைக்காய், அரை கிலோ சின்ன வெங்காயம். ஊருக்குப் போக வேண்டுமென்றால் தம்பானூரில் ரயிலும் பஸ்ஸும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. நாகர்கோவிலில் ஒரு கல்யாணமோ காரியமோ என்றால் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். கோட்டையைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் போக்குவரத்துதான் அன்றாடம்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதும் இவை எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. கோயில்களில் பூஜை நடந்தது, பக்தர்களுக்கு அனுமதி இல்லை. பத்மநாபசுவாமி கோயில் மறுபடி திறக்க ஆகஸ்ட் மாதக் கடைசி ஆயிற்று. மற்றவர்களுக்குக் கட்டுப்பாடுகள் மெல்லத் தளர்ந்தபோதும் அறுபதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கேரள அரசு கேட்டுக்கொண்டது. அதற்கு அரசு வைத்த பெயர் ரிவர்ஸ் க்வாரன்டைன்.

வழக்கமான தனிமைப்படுத்தலில் நோய்த்தொற்று உள்ளவரையோ, தொற்று இருக்கலாம் என்று சந்தேகப்படுபவரையோ ஒதுக்கி வைப்பார்கள். இதில் நோய் இல்லாதவர்தான் ஒதுங்குகிறார். தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்னும் நிலையில் இருப்பவரிடம் வெளியுலகம் நெருங்காமல் பார்த்துக்கொள்வதே இதன் வேலை. கேரளம் இதில் இவ்வளவு கவனம் காட்டியதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். மாநிலங்களில் இதுவே அதிகம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத முதியவரை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். கோவிட்டால் இறந்தவர்களில் பெரும்பகுதியினர் அந்த வயதுக்காரர்களே.

சொல்வது எளிது. முதியவருக்குத் தனி அறை, முடிந்தால் தனிக் கழிப்பறை. வேலைக்குப் போய்வரும் மகன் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. பேரக்குழந்தை தாத்தா மடியில் ஏறக் கூடாது. கோட்டைப் பகுதியின் பழைய வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை. வாசல் திண்ணையிலிருந்து கொல்லை வரை ஒரே நீளம், நடுவில் கூடம். யார் எங்கே போனாலும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை, மருமகள், பேரன் எல்லோரும் கூடி இருந்தால் இந்த விதியை முழுதாகக் கடைப்பிடிக்க வழியே இல்லை. தம்பதி மட்டும் தனித்து இருந்த வீட்டில் விதி கச்சிதமாகப் பொருந்தியது, தனிமையும் அங்கேதான் அதிகம். பாதுகாப்பு கூடக் கூட மனுஷ முகம் குறைந்தது என்பதை அந்த நாட்களைப் பற்றி எழுதும்போது விட்டுவிடக் கூடாது.

வெளியே போகாமல் வீடு எப்படி நடந்தது? ஏப்ரல் முதல் வாரம் கருவூலத்தில் பென்ஷன் வாங்கக் கூட்டம் கூடாதிருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாளும் வேளையும் பிரித்தார்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருந்தால் தபால்காரரே வாசலுக்கு வந்து கைரேகை பதிந்து பணம் தரும் ஏற்பாடும் இருந்தது. ரேஷன் கடை வழியாக எல்லா அட்டைதாரர்களுக்கும் மளிகைப் பொருட்கள் அடங்கிய இலவசக் கிட் வந்தது. சமைக்க முடியாதவர்களுக்குக் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களின் சமூகச் சமையலறைகளிலிருந்து பொதிச்சோறு. புற்றுநோய்க்கும் மற்ற நீண்டகால நோய்களுக்கும் மருந்து வேண்டியவர்களுக்குத் தீயணைப்புப் படையினர் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஜூன் மாதம் இ-சஞ்சீவனி என்னும் தொலைமருத்துவச் சேவை தொடங்கிய பிறகு, மாத்திரையின் அளவை மாற்றலாமா என்று கேட்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. கைபேசித் திரையில் டாக்டர் வந்தார். அங்கன்வாடிப் பணியாளர்கள் வார்டிலுள்ள முதியவர்களைப் போனில் அழைத்து, மாத்திரை இருக்கிறதா, துணைக்கு யார் என்று விசாரித்தார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பூதியத்தை நினைத்தால் அந்த வேலைக்கு இன்னும் யாரும் சரியாக நன்றி சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

நாள் முழுவதும் என்ன செய்வது என்பதற்குக் கோடை கொஞ்சம் உதவியது. ஏப்ரல் வெயிலில் வடாமும் கொண்டாட்ட வற்றலும் காயப்போடலாம், மாவடு ஊறப்போடலாம். சந்தைக்குப் போக முடியாத கேரளம் அந்த மாதங்களில் பலாவைப் புதிதாகக் கண்டுகொண்டது. காய் துவரனுக்கு, சுளை பாயசத்துக்கு என்பதெல்லாம் பழைய கதை. கொட்டையை வேகவைத்துப் பாலோடு அடித்துக் குடிப்பது அந்த வருஷத்துப் புதுமை. மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் பழைய ராமாயணத் தொடர் மறுபடி ஓடியதால் காலைக்கும் இரவுக்கும் ஒரு ஒழுங்கு வந்தது. நடை நின்றுபோனதற்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. தினம் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்த கால் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே அடங்கினால் முழங்கால் இறுகும், சர்க்கரை ஏறும், உறக்கம் கெடும்.

ஜூலை 6-ல் திருவனந்தபுரம் நகரம் மும்மடங்கு ஊரடங்குக்குள் போயிற்று. நகரம் முழுவதற்கும் ஒரு பூட்டு, நோய் பரவிய பகுதிக்கு இரண்டாவது, நோயாளியின் வீட்டுக்கு மூன்றாவது. அடுத்த கோடையின் வாசலில், 2021 பிப்ரவரி 27-ல், ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்கல் விழா வந்தது. சாதாரணமாக அன்று கிழக்கேகோட்டை, பழவங்காடித் தெருக்களில் செங்கல் அடுப்புக்கு இடையே கால் வைக்க இடமிருக்காது. அந்த வருஷம் பெண்கள் அவரவர் வீட்டு வாசலில் பொங்கல் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, மார்ச் 1 முதல் அறுபதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி. இனி வெளியே போகலாம் என்று நினைத்த நேரத்தில் இரண்டாம் அலை. மே 8-ல் மாநிலம் முழுவதும் ஊரடங்கு, சில நாட்களில் திருவனந்தபுரத்தில் மறுபடி மும்மடங்குப் பூட்டு.

அதே நாட்களில் அமெரிக்காவில் ஓய்வுபெற்றவர்கள் பலர் வீட்டையே ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வண்டி சொந்தமாக இருந்தால் ஓட்டல் வேண்டாம், பொதுக் கழிப்பறை வேண்டாம், அயலார் மூச்சுக் காற்றும் வேண்டாம். 2020 வசந்தத்தில் முகாம் மைதானங்கள் பலவற்றை மூடியபோது, அந்த வண்டியையே நிரந்தர வீடாகக் கொண்டவர்கள் எங்கே நிறுத்துவது என்று திண்டாடினார்கள். மைதானங்கள் திறந்ததும் வண்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. 2021-ல் மட்டும் ஆறு லட்சம் வண்டிகள் ஆலைகளிலிருந்து வெளிவந்தன.

கேரளம் இதைக் கவனித்தது. 2021 செப்டம்பரில் சுற்றுலா அமைச்சர் பி.ஏ. முகமது ரியாஸ் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தார். இருவர் தங்கும் வண்டி, நால்வர் தங்கும் வண்டி என்று இரண்டு வகை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறந்தது. பூங்கா ஏன் அவசியம் என்றால், வண்டியில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த நீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று இருக்கும். முதலாவதை நிரப்பவும் மற்ற இரண்டையும் முறையாகக் காலிசெய்யவும், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றவும் ஓர் இடம் வேண்டும். சாலையோரத்தில் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. ஒரு பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலம் என்று கொள்கை வகுத்தார்கள்.

யோசனை நல்லதுதான். பழவங்காடியின் பென்ஷன் வீட்டுக்கு அது எட்டாது. சொந்தமாக வாங்கும் விலையும் இல்லை, சந்துக்குள் நிறுத்த இடமும் இல்லை, எழுபது வயதில் மலைப்பாதையில் அதை ஓட்டும் தெம்பும் பலருக்கு இல்லை. ஊர் சுற்றும் ஆசை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். எர்ணாகுளத்தில் டீக்கடை வருமானத்தைச் சேர்த்து உலகம் சுற்றிய விஜயனும் மோகனாவும் கோவிட்டால் தடைபட்ட பயணத்தை 2021 அக்டோபரில் ரஷ்யா போய்த் தொடர்ந்தார்கள். அதுதான் இருவரும் சேர்ந்து போன கடைசிப் பயணம். அடுத்த மாதம் விஜயன் காலமானார்.

பென்ஷன்காரரின் கேரவன் ரயில்தான். படுக்க இடம், கழிப்பறை, கூடையில் புளியோதரை. ஆனால் 2020 மார்ச் 20-ல் அனாவசியப் பயணத்தைக் குறைக்க என்று ரயில்வே மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை நிறுத்தியது. அதுவரை 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதைத் தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் குறைவு. ரயில்கள் வழக்கத்துக்குத் திரும்பின, சலுகை திரும்பவில்லை. எல்லாப் பயணிகளுக்குமே டிக்கெட்டில் பாதிக்கு அருகில் மானியம் போகிறது என்பது ரயில்வேயின் பதில். பென்ஷனில் மருந்துச் செலவு போக மிச்சத்தை வைத்து ராமேஸ்வரம் போகத் திட்டமிடும் தம்பதிக்கு இந்தப் பதில் போதாது. கோவிட்டைக் காரணம் காட்டி எடுத்ததைக் கோவிட் போனதும் திருப்பித் தருவதே நியாயம். இப்போதைக்கு மிஞ்சியிருப்பது கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு: ஆண்களுக்கு 60 வயதிலிருந்து, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. முன்பதிவு செய்யும்போது மூத்த குடிமக்கள் கோட்டாவைத் தேர்ந்தெடுத்தால், இடம் இருக்கும்வரை கீழ்ப்படுக்கை கிடைக்கும், முழுக் கட்டணத்துக்கு.