சாவித்திரியின் பங்கு

சி.சு.செல்லப்பாவின் முதல் எழுத்துக்குள் ஓர் ஊர் இருக்கிறது: சின்னமனூர். தேனியிலிருந்து கம்பம் போகும் வழியில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் நெல் விளையும் ஊர். பாண்டியர் கொடுத்த நிலதானத்தைச் சொல்லும் செப்பேடுகள் கிடைத்ததும் இங்கேதான். நிலம் இன்னாருக்குப் பாத்தியம் என்று செம்பிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர்ப் பெயரைச் சுமந்தவர், பாத்தியம் இல்லாதவளைப் பற்றி ஒரு நாவல் எழுதினார்.

செல்லப்பா என்றதும் பலருக்கும் ஜல்லிக்கட்டைப் பற்றிய ‘வாடிவாசல்’தான் நினைவுக்கு வரும். அது முழுக்க ஆண்களின் திடல். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியவர், அதில் தொடராக எழுதி 1962-ல் புத்தகமாக்கிய ‘ஜீவனாம்சம்’ அதற்கு நேர் எதிர். சாவித்திரி சின்ன வயதிலேயே கணவனை இழந்து அண்ணன் வீட்டில் இருப்பவள். புகுந்த வீட்டார்மீது ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. நாவல் கோர்ட்டுக்குள் அதிகம் போவதில்லை. அவள் மனசுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பழைய பேச்சு, பழைய முகங்கள், சொல்லாமல் விழுங்கிய பதில்கள் எல்லாம் அங்கேதான் திரும்பத் திரும்ப வந்துபோகின்றன. வழக்கு அவள் பேரில். ஓட்டமும் வீம்பும் ஆண்களுடையவை.

தலைப்பே ஒரு சட்டச் சொல். ஜீவனம், அம்சம்: பிழைப்புக்கான பங்கு. 1937-ல் வந்த சட்டம் கணவனின் பங்கை விதவைக்குத் தந்தது, ஆனால் ஆயுளுள்ளவரை அனுபவிக்க மட்டும். 1956-ல் வந்த சட்டத்தில்தான் முழு உரிமை கிடைத்தது. தொடர் தொடங்கியபோது அந்தச் சட்டத்துக்கு மூன்று வயது.

இதே பேரில் இன்னொரு விதவையும் தமிழில் உண்டு. அ.மாதவையா 1892-ல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கி, பாதியில் நின்றுபோன ‘சாவித்திரி சரித்திரம்’, 1903-ல் ‘முத்துமீனாட்சி’ என்று முழுமையாக வெளிவந்தது. மாதவையா தன் நாயகிக்கு மறுமணம் செய்துவைத்தார். எமனோடு வாதாடிப் புருஷனை மீட்டவளின் பெயரை இரண்டு பேருமே விதவைக்கு வைத்ததில் ஒரு குத்தல் இருக்கத்தான் செய்கிறது.

செல்லப்பாவின் சாவித்திரி மறுமணம் செய்துகொள்ளவில்லை. எந்த வீட்டோடு வழக்கோ அந்தப் புகுந்த வீட்டுக்கே போக முடிவெடுக்கிறாள். இது பழைய கட்டுக்குள் போய் விழுவதுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயம். செல்லப்பா மரபை உடைத்துப் போட்டவர் அல்லர். ஆனால் நாவல் நெடுக அவளுக்காக மற்றவர்களே பேசுகிறார்கள். அவளாக எடுக்கும் முடிவு இது ஒன்றுதான். சரியா தப்பா என்று தீர்ப்பு எழுதாமல், அந்த முடிவுவரை அவள் மனசு நடந்த தூரத்தை அளந்து காட்டியதில்தான் செல்லப்பாவின் சமத்துவம் இருக்கிறது.

1989-ல் தமிழ்நாடு அரசு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. சாவித்திரி அந்தக் கணக்கிலும் வரமாட்டாள்.